பிள்ளையோடு இருப்பவர் மறுபடி ஒரு துணையைத் தேட: தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

விவாகரத்து முடிந்து, வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வைத்திருக்கிற அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் இந்த வழியாக வந்து இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டவள்தான். அதன்பிறகு டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட் பக்கமிருந்து பலர் வந்து கேட்டிருக்கிறார்கள். அவர்கள் தடுக்கி விழுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். என்னென்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது. எது முதலில், எது பிறகு என்பதில் கோட்டை விடுகிறார்கள். முன்னாள் கணவருக்குச் சொல்லுமுன் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. பிள்ளைக்குச் சொல்லுமுன் கோயிலில் ஜோடியாக நின்றுவிடுகிறார்கள்.

ஒரு விலக்கு உண்டு. முன்னாள் துணை அடித்தவர், மிரட்டுகிறவர், பின்னாலேயே வருகிறவர் என்றால் இந்த வரிசை, முக்கியமாக 7ஆம் படி, உங்களுக்குப் பொருந்தாது. முதல் வேலை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவுக்கு மனுப் போடுவது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 0800 428 428 என்ற, பாலின வன்முறைக்கான அரசு உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

1. காகிதங்கள்

ஆளைத் தேடுமுன் ஒரு ஃபைல் தயார் செய்யுங்கள். விவாகரத்துத் தீர்ப்பு, செட்டில்மென்ட் ஒப்பந்தம், பிள்ளை யாரிடம் எப்போது இருக்கும் என்ற பேரன்டிங் பிளான், மெயின்டெனன்ஸ் (பராமரிப்புப் பணம்) உத்தரவு, உயில், இன்ஷூரன்ஸ் பத்திரங்கள். காதலுக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்பார்கள். பின்னால் வருகிற சண்டைகளில் பாதி இந்த ஃபைலுக்குள்தான் இருக்கிறது.

தீர்ப்பு வந்துவிட்டால் ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) பதிவிலும் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். எம் என்ற ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, உங்கள் அடையாள எண்: இதை 32551க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதிவில் உங்கள் திருமண நிலை என்ன என்று பதில் வரும். இன்னும் ‘மணமானவர்’ என்று வந்தால் தீர்ப்பின் நகலோடு நேரில் போய் இப்போதே மாற்றுங்கள். மறுமணத் தேதி குறித்த பிறகு போனால் வரிசையில் நின்றே நாள் போகும்.

அடுத்து உயில். இங்கே பலருக்குத் தெரியாத விஷயம் இது. விவாகரத்தான 3 மாதத்துக்குள் நீங்கள் இறந்துபோனால், பழைய உயிலில் முன்னாள் துணைக்கு எழுதியது செல்லாது. அவர் உங்களுக்கு முன்பே இறந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த 3 மாதம் தாண்டிவிட்டால் பழைய உயில் எழுதியபடியே நிற்கும், வீடு அவருக்கே போகலாம். அதனால் அந்த அவகாசத்துக்குள் புதிதாக எழுதிவிடுங்கள். இன்ஷூரன்ஸில் போட்ட நாமினி பெயரும் விவாகரத்தால் தானாக மாறாது. அதையும் பாருங்கள்.

செட்டில்மென்டில் உங்களுக்கு மாதப் பணம் வருகிறது என்றால் அது எதுவரை என்று படியுங்கள். ‘மறுமணம் வரை’ என்பது வழக்கம். சிலதில் ‘வேறொருவருடன் கணவன் மனைவி போல வாழும் வரை’ என்றும் இருக்கும். அந்த ஒரு வரி 9ஆம் படியில் வேலை செய்யும். பிள்ளைக்கான மெயின்டெனன்ஸ் வேறு கணக்கு. நீங்கள் யாரை மணந்தாலும் பெற்றவரின் கடமை அப்படியே இருக்கும்.

கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே வாழ்ந்து பிரிந்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் கோர்ட் தீர்ப்பு என்று ஒன்று கையில் இருக்காது. பிள்ளை விஷயத்தை மட்டுமாவது எழுத்தில் போட்டு, ஃபேமிலி அட்வகேட் (பிள்ளைகள் நலனைப் பார்க்கிற அரசு வக்கீல்) அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

2. காலண்டர்

ஒன்றுவிட்ட வாரம் சனி ஞாயிறு பிள்ளை அந்த வீட்டில், பள்ளி விடுமுறையில் பாதி அங்கே பாதி இங்கே: பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான். பிள்ளை அங்கே போகிற நாட்களை மட்டும் பச்சையில் வட்டம் போடுங்கள். புதிய ஆளைப் பார்ப்பது அந்த வட்டங்களுக்குள் மட்டும்.

காரணம் இரண்டு. பிள்ளையின் நேரத்திலிருந்து ஒரு மணி நேரம்கூட எடுக்கவில்லை என்றால் உங்களுக்குக் குற்ற உணர்ச்சி வராது. குற்ற உணர்ச்சி வந்தால் அவசரப்பட்டு முடிவெடுப்பீர்கள். இரண்டாவது, இரு வாரத்துக்கு ஒரு முறைதான் பார்க்க முடியும் என்றால் வேகம் தானாகக் குறைகிறது. பொறுக்க மாட்டேன் என்கிற ஆள் அங்கேயே வெளியே வந்துவிடுவார். இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியாது.

பேபி சிட்டிங்குக்கு ஆயாவை (பாட்டியை) கூப்பிட்டுவிட்டுப் போகலாமே என்பார்கள். முதல் சில மாதம் வேண்டாம். ஆயா எங்கே போகிறாய் என்று கேட்பார், நீங்கள் ஒரு பொய் சொல்ல வேண்டிவரும், பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

3. ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்

அக்கா, நெருங்கிய தோழி, அண்ணன், யாராவது ஒருவர். நீங்கள் எங்கே, யாரோடு, எத்தனை மணி வரை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவிடம் இப்போது வேண்டாம். அம்மாவிடம் சொன்னால் சித்திக்குப் போகும், சித்தியிடமிருந்து ஆடிக்கூழ் ஊற்றுகிற வரிசைக்குப் போகும். கூழ் தீருமுன் கல்யாணத் தேதி கேட்பார்கள்.

ஆன்ட்டிகள் விசாரித்தால் ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள்: “இப்போதைக்குப் பிள்ளை படிப்புதான் ஆன்ட்டி. ஏதாவது இருந்தால் நானே வந்து சொல்றேன்.” ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மாதிரி சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

4. எங்கே தேடுவது, என்ன எழுதுவது

ஆன்ட்டிகள் வழியாக வருகிற ஆளுக்கு ஒரு நன்மை: அவர் குடும்பம் தெரியும். தீமை: வேண்டாம் என்று சொல்வது கஷ்டம். டேட்டிங் ஆப்பில் வருகிற ஆளை ஒரு விரலால் விலக்கிவிடலாம், ஆனால் யார் என்றே தெரியாது. இரண்டையும் பயன்படுத்துங்கள். ஆன்ட்டியிடம் போனால் “நம்பர் மட்டும் கொடுங்க, நாங்களே பேசிக்கிறோம்” என்று முதலிலேயே கட்டிவிடுங்கள்.

ப்ரொஃபைலில் பிள்ளை இருப்பதை மறைக்காதீர்கள். மூன்றாவது சந்திப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள், பிள்ளையே வேண்டாம் என்கிற ஆள்மேல் இரண்டு மாதத்தைச் செலவழிக்கிறார்கள். அதே சமயம் விவரமும் வேண்டாம். இந்த அளவு போதும்:

“விவாகரத்தானவள், 38. ஒரு மகன், என்னோடுதான் இருக்கிறான். ஒன்றுவிட்ட வாரம் மட்டுமே எனக்கு நேரம் உண்டு. அவசரம் இல்லாதவர் எழுதுங்கள்.”

மகனின் பெயர் இல்லை, வயது இல்லை, பள்ளி இல்லை. பிள்ளையின் படம் கூடவே கூடாது. உங்கள் படத்திலும் பின்னால் பாருங்கள்: பள்ளிச் சீருடையின் பேட்ஜ், கார் நம்பர், வீட்டு கேட் இதெல்லாம் தெரியக்கூடாது. பலர் ப்ரொஃபைலைச் சுத்தமாக வைத்துவிட்டு வாட்ஸ்அப் படத்தில் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நம்பர் கொடுத்த நிமிடம் அந்தப் படம் அவர் கையில்.

5. முதல் சந்திப்பு

நேரில் பார்க்குமுன் ஒரு வீடியோ கால். இந்த நாட்டில் ஆப் மூலம் வரவழைத்துக் கடத்திப் பணம் பறித்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன, அதனால் இதில் கூச்சம் வேண்டாம். கேமரா கெட்டுப்போச்சு என்று இரண்டு முறை சொல்கிறவரை விட்டுவிடுங்கள்.

இடம் கூட்டம் உள்ளதாக, பகல் நேரமாக, ஒரு மணி நேரத்தில் முடிவதாக இருக்கட்டும். கேட்வே, பெவிலியன் மாதிரி மாலில் ஒரு காபிக் கடை போதும். இரவுச் சாப்பாடு என்றால் சாப்பாடு வரும்வரை எழுந்து போக முடியாது, அதற்காகத்தான் காபி. உங்கள் காரில் போங்கள், உங்கள் காரில் திரும்புங்கள். உங்கள் பேட்டையில் சந்திக்காதீர்கள்: சாட்ஸ்வொர்த் சென்டரில் உட்கார்ந்தால் காபி ஆறுமுன் படம் உங்கள் மச்சானிடம் போய்ச் சேரும்.

புரட்டாசியில் சந்திப்பு வைத்தால் நீங்கள் விரதம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். “பரவாயில்லை, நானும் அன்னைக்கு சைவமே சாப்பிடுறேன்” என்கிறவரும் உண்டு, “ஒரு நாள்தானே, யாரு பார்க்கப் போறா?” என்கிறவரும் உண்டு. எதுவும் கேட்காமலே ஒரு விஷயம் தெரிந்துவிடும்.

என்ன பேசுவது? முன்னாள் துணையைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். “ஒத்துவரலை, கோர்ட்டில் முடிஞ்சது, பிள்ளை விஷயத்தில் பேசிக்கிறோம்.” முழுக்கதையும் கொட்டினால் எதிரே இருக்கிறவர் ஆறுதல் சொல்கிற ஆளாகிவிடுவார். ஆறுதல் கிடைத்த நிம்மதியைக் காதல் என்று நினைத்துக்கொள்வது இந்த வயதில் மிகச் சுலபம்.

6. முதல் சில மாதங்கள்: எதைக் கவனிப்பது

இந்தப் படியில்தான் நிதானம் வேண்டும். பூவும் குட் மார்னிங் மெசேஜும் எல்லோரும் அனுப்புவார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு.

அவருக்கும் பிள்ளை இருந்தால் நேராகக் கேளுங்கள்: “பிள்ளைக்கு மாசப் பணம் கட்டுறீங்களா?” கட்டுகிறவர் தொகை, தேதியோடு சாதாரணமாகச் சொல்வார். “அவ செலவு பண்ணிடுவா, அதனால நான் கொடுக்கிறதில்லை” என்று பதில் வந்தால், நாளைக்கு உங்கள் பிள்ளைமேல் மட்டும் அக்கறை எங்கிருந்து வரும்? தன் பிள்ளையை வாரக்கடைசியில் போய்ப் பார்க்கிறாரா, அந்த வாரம் உங்களுக்காகத் தள்ளிப்போடுகிறாரா என்றும் பாருங்கள். தள்ளிப்போட்டால் பெண்களுக்குப் பெருமையாக இருக்கும். பெருமைப்பட வேண்டிய விஷயம் அல்ல அது.

‘முடியாது’ என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், இந்த வாரம் வர முடியாது. பதில் “சரி, டாக்டரிடம் காட்டியாச்சா?” என்பதா, “எப்பவும் உனக்குப் பிள்ளைதான்” என்பதா? இரண்டாவது பதிலை ஒரு முறை மன்னிக்கலாம். மறுபடி வந்தால் அதுதான் அவர்.

பணம் கேட்டால் முடிந்தது. பெட்ரோலுக்கு ஒரு ஈவாலட் (போன் மூலம் அனுப்புகிற பணம்), கார் ரிப்பேர், கஸ்டம்ஸில் மாட்டிய பார்சல், எதுவானாலும். நேரில் ஒரு முறைகூட வராமல் பணம் கேட்கிறவரிடம் காரணத்தை விசாரித்துக்கொண்டிருக்கவே வேண்டாம்.

உங்கள் அக்காவையோ தோழியையோ ஒரு முறை கூட்டிப் போய் அறிமுகப்படுத்துங்கள். அதேபோல அவர் பக்கத்து ஆள் ஒருவரையாவது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பல மாதம் பழகியும் அவருடைய நண்பர் ஒருவர்கூட உங்களுக்குத் தெரியாது என்றால் எங்கோ ஒரு கதவு சாத்தியிருக்கிறது. பெரும்பாலும் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு மனைவி இருப்பார்.

7. முன்னாள் துணைக்குத் தகவல்

பிள்ளையிடம் சொல்லுமுன் இது. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பிள்ளை அங்கே போய் “அம்மாவுக்கு ஒரு அங்கிள் இருக்காங்க” என்று சொன்னால், செய்தி சொல்கிற சுமையும் அதன் விளைவும் பிள்ளைமேல் விழுகிறது. பெரியவர் செய்ய வேண்டிய வேலை இது.

அனுமதி கேட்க வேண்டியதில்லை, தகவல் மட்டும். வாட்ஸ்அப்பில், சுருக்கமாக:

“வணக்கம். நான் ஒருவரோடு சில மாதங்களாகப் பழகுகிறேன். வரும் மாதம் பிள்ளைக்கு அறிமுகப்படுத்த நினைக்கிறேன். உங்கள் வாரங்கள், பள்ளி, பணம் எதிலும் மாற்றம் இல்லை. பிள்ளை மூலம் தெரியாமல் நேராகச் சொல்லவே இதை அனுப்புகிறேன்.”

எழுத்தில் அனுப்பினால் பின்னால் “எனக்குத் தெரியாது” என்ற பேச்சு வராது. கோபமாகப் பதில் வந்தால் அன்றே திருப்பி எழுதாதீர்கள். “இனி பிள்ளையை அனுப்ப மாட்டேன்” என்று மிரட்டினால் பயப்படவும் வேண்டாம்: கோர்ட் உத்தரவோ பதிவு செய்த ஒப்பந்தமோ இருக்கும்போது பிள்ளையைக் காட்டாமல் தடுப்பது 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி குற்றம். அது உங்களுக்கும் பொருந்தும். மெயின்டெனன்ஸ் வரவில்லை என்று பிள்ளையை அனுப்பாமல் வைத்துக்கொள்வதும் அதே தவறுதான். பணத்துக்குத் தனியாக மெயின்டெனன்ஸ் கோர்ட் இருக்கிறது.

8. பிள்ளை

முதலில் சொல்வது, பிறகு காட்டுவது. இடையே குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். சொன்ன அன்றே ஆளை வாசலில் நிறுத்தினால் பிள்ளைக்கு யோசிக்க இடம் இல்லை.

காரில் போகும்போது சொல்வது நல்லது. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, இருவருக்கும் சுலபம். “எனக்கு ஒரு ஃப்ரெண்ட் இருக்காங்க. அவங்களோட பேசுறது எனக்குப் பிடிச்சிருக்கு. உன் அப்பா எப்பவும் உன் அப்பாதான்.” இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். புதிய ஆளைப் பிடித்துப்போனால் அப்பாவுக்குத் துரோகம் செய்வதாகப் பிள்ளைகள் நினைக்கின்றன, வாய்விட்டுச் சொல்லாது.

சின்னப் பிள்ளை “நம்ம வீட்டுக்கு வந்துடுவாங்களா?” என்று கேட்கும். “இல்லை. அப்படி ஏதாவது மாறுறதுன்னா முதல்ல உன்கிட்டதான் சொல்வேன்.” சொன்னால் காப்பாற்றுங்கள். டீனேஜ் பிள்ளை தோளைக் குலுக்கிவிட்டு இயர்போனை மாட்டிக்கொள்ளும். பிடித்து இழுத்துப் பேச வைக்காதீர்கள்; சில நாள் கழித்துப் பாத்திரம் கழுவும்போது தானாக ஒரு கேள்வி வரும்.

முதல் சந்திப்புக்கு நார்த் பீச் நடைபாதையைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். கடலைப் பார்த்து நடக்கலாம், பிள்ளை சைக்கிளில் முன்னால் போகலாம், யாரும் யார் முகத்தையும் பார்த்தே ஆக வேண்டியதில்லை. உஷாகா கடல் பூங்கா வேண்டாம், ஒரு நாள் முழுக்க அங்கே இருக்க வேண்டிவரும், டிக்கெட் வாங்கியாச்சே என்று முறைப்போடு சுற்றுவீர்கள். ஒரு மணி நேரம், ஒரு ஐஸ்கிரீம், முடிந்தது. “போகலாமா” என்று பிள்ளை கேட்டால் உடனே கிளம்புங்கள். கைபிடித்து நடப்பது, கட்டிப்பிடிப்பது அன்றைக்கு இல்லை. விலை உயர்ந்த பரிசும் இல்லை, அதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பிள்ளை திண்டாடும்.

எப்படிக் கூப்பிடுவது? ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ போதும். ‘அப்பா’, ‘அம்மா’ என்று சொல்லச் சொல்வது நான் பார்த்த தவறுகளிலேயே மோசமானது.

வீட்டுக்கு வந்ததும் “பிடிச்சதா?” என்று கேட்காதீர்கள். நீங்கள் எந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறீர்கள் என்று பிள்ளைக்குத் தெரியும், அதைத்தான் கொடுக்கும். “பசிக்குதா?” என்று கேட்டுச் சாப்பாடு போடுங்கள்.

படுக்கையில் சிறுநீர், பள்ளிக்குப் போக மறுப்பது, மதிப்பெண் சட்டென்று சரிவது என்று ஏதாவது தொடங்கினால் ஒரு படி பின்னால் வாருங்கள். பிள்ளைக்குத் தனியாகப் பேச ஆள் வேண்டும் என்றால் சைல்ட்லைன் எண் 116, இலவசம்.

9. இரவு தங்குவது, ஒன்றாகக் குடியேறுவது

பிள்ளை வீட்டில் இருக்கிற இரவில் தங்குவது, ஒன்றாக வாழ முடிவு செய்த பிறகுதான். யாராவது வந்துவந்து போவதற்குப் பிள்ளையைப் பழக்க வேண்டாம்.

குடியேறுமுன் 1ஆம் படியில் சொன்ன அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். உங்கள் மாதப் பணம் நின்றுபோகலாம். வீடு மாறினால் புதிய முகவரியை முன்னாள் துணைக்கு உடனே எழுத்தில் தர வேண்டும், இதுவும் அதே குழந்தைகள் சட்டத்தில் இருக்கிறது. எல்லோருமாக மொரீஷியஸ் போய் வரலாம் என்று ஆசைப்பட்டால், பிள்ளை நாட்டைவிட்டுப் போக மற்ற பெற்றவரின் சம்மதம் வேண்டும், பாஸ்போர்ட் எடுக்கவும் வேண்டும். டிக்கெட் போட்டுவிட்டுக் கேட்காதீர்கள். அப்போது பேரம் அவர் கையில்.

10. குடும்பமும் கோயிலும்

இப்போது அம்மாவிடம் சொல்லலாம். அம்மாவிடம், பிறகு தாத்தா ஆயாவிடம், பிறகு மற்றவர்களுக்கு. முன்னாள் துணையின் பெற்றோரை மறந்துவிடாதீர்கள். பிள்ளைக்கு அவர்கள் இன்னும் தாத்தா ஆயாதான், அந்த உறவு அறுந்துவிடுமோ என்றுதான் அவர்கள் பயப்படுவார்கள். ஒரு போன் போதும்.

காவடிக்கு ஒன்றாகப் போவது நம் ஊரில் அறிவிப்பு. தைப்பூசத்தன்று அவர் உங்கள் பக்கத்தில் பால்குடத்தோடு நடந்தால் அதற்குப் பிறகு “சும்மா ஃப்ரெண்டுதான்” என்பது எடுபடாது. மேலே சொன்னவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பிறகு போங்கள்.

11. மறுமணத்துக்கு முன்

கல்யாணத்துக்கு முன் ஒப்பந்தம் எதுவும் போடாவிட்டால் இந்த நாட்டில் இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும். முதல் கல்யாணத்தில் அப்படி விட்டிருந்தாலும் இந்த முறை விடாதீர்கள், அவரவர் பிள்ளைகளுக்கு அவரவர் வீடு போய்ச் சேர வேண்டும். தாலி கட்டுமுன் நோட்டரி முன்னால் ஆன்டிநப்ஷியல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்; 3 மாதத்துக்குள் அது டீட்ஸ் ஆபீஸில் (பத்திரப் பதிவு அலுவலகத்தில்) பதிவாக வேண்டும். ஒப்பந்தத்தில் அக்ரூவல் முறை வேண்டாம் என்று தனியாக எழுதாவிட்டால் அது சேர்ந்தே வரும்: கல்யாணத்துக்குப் பிறகு இருவரிடமும் வளர்ந்த சொத்தின் வித்தியாசத்தில் பாதி. சரியா என்று யோசித்துச் சொல்லுங்கள், வக்கீல் கொடுத்த தாளில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள்.

கோயில் கல்யாணத்தை நடத்தி வைக்கிற ஐயர் அரசு நியமித்த மேரேஜ் ஆபீசரா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஹோம் அஃபேர்ஸில் தனியாகப் பதிவுத் திருமணம் செய்ய வேண்டும். நலங்குக்கு ஹால் பிடித்த பிறகு இது நினைவுக்கு வருகிறவர்கள் ஏராளம்.

உயிலை மறுபடி எழுதுங்கள். பிள்ளைக்கு ரொக்கமாக விட்டால் டிரஸ்ட் ஒன்றை உயிலிலேயே குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் பணம் 18 வயது வரை கார்டியன்ஸ் ஃபண்ட் என்ற அரசு நிதியில் போய் உட்காரும்.

கடைசியாக ஒன்று. புதிய கணவனுக்கோ மனைவிக்கோ உங்கள் பிள்ளைமேல் சட்டப்படி தானாக எந்த உரிமையும் வராது. அன்றாடம் பள்ளியிலிருந்து கூட்டி வர, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, பள்ளிக்கும் டாக்டருக்கும் அவர் பெயரை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் குழந்தைகள் சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் எழுதி, ஃபேமிலி அட்வகேட்டிடம் பதிவு செய்ய வேண்டும் அல்லது கோர்ட் உத்தரவாக்க வேண்டும். முன்னாள் துணைக்கு இதை முதலில் தெரிவிப்பது எப்படி என்பதற்கு 7ஆம் படியே போதும்.